மச்சான் கையில் கயிறு

கமாண்டர் கஸ்பார் கொரேராவின் வீரத்தைப் பற்றி எழுத வருகிற பத்திரிகைக்காரர்கள் நேரே அவன் வீட்டுக்குத்தான் போவார்கள். வாசலில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்ட கப்பல், நீருக்கடியில் செயலிழக்க வைத்த வெடி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். திரும்பும் வழியில் என் கடையில் மக்ரூன் வாங்குவார்கள். ஒருவர்கூட என்னிடம், 'அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெரும்பாலும் கடை மேசைக்கு அடியில் இருந்தேன்.

என் பெயர் சந்தியாகு. தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிறேன். கஸ்பார் என் தங்கை செலஸ்தீனாவின் புருஷன். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பல்லிக்குப் பயம், ஊசிக்குப் பயம், கணக்கு வாத்தியாரின் செருப்புச் சத்தத்துக்குப் பயம் என்று வளர்ந்தவன் நான். கஸ்பாரும் அப்படியொன்றும் பயமறியாதவன் இல்லை. பாலத்திலிருந்து கடலில் குதிக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டு முழங்கால் நடுங்க நிற்பான். அப்புறம் நடுங்கிக்கொண்டே குதிப்பான். நான் நடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த நடுக்கத்தைப் பார்த்திருந்ததால்தான் தங்கையை அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்தேன். தன் உயிர்மேல் பயம் உள்ளவன் பெண்டாட்டி பிள்ளையை நினைப்பான் என்பது என் எண்ணம்.

அவன் கடற்படையில் சேர்ந்தான். தண்ணீருக்கு அடியில் போய்ச் சண்டை போடுகிற 'சுறா அணி' என்ற சிறப்புப் படைக்குத் தேர்வாகி, கடைசியில் அதற்கே தலைவனானான். அந்தச் சமயத்தில்தான் அவன் மகள் பெனிட்டாவுக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் மடி என் மடி. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தைக்கு விக்கல் வந்துவிட்டது. பெனிட்டா பயந்தால் அழமாட்டாள், விக்குவாள். அழுதது நான். வந்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது.

விருந்துக்கு வந்தவர்களில் சுறா அணியின் மருத்துவர் வசுமதியும் இருந்தார். சென்னைக்காரர். சாப்பாடு முடிந்ததும் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கஸ்பாரும் பக்கத்தில் வந்து நின்றான். பெனிட்டா என் மடியில் இன்னும் விக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்களால ஒருத்தரோட பயத்தை நிறுத்த முடியும், சார்,” என்றார் டாக்டர். “நிறுத்தியும் பார்த்தோம். ஒருத்தர் பயிற்சித் தொட்டியில காத்து தீர்ந்த பிறகும் மேல வரல. அவசரமா வரணும்னே அவருக்குத் தோணல. பிடிச்சு இழுத்துதான் காப்பாத்தினோம்.”

“அப்பம் பயம் வேணும்ங்கீங்க,” என்றேன்.

“வேணும். ஆனா கீழ இருக்கிறவர் உடம்புல வேண்டாம். கை நடுங்கும், மூச்சு இரைக்கும், காத்து சீக்கிரம் தீரும். அதனால அந்தப் பயத்தைக் கரையில இருக்கிற இன்னொருத்தர் உடம்புக்கு அனுப்பறோம். அவர் அதைத் தாங்கணும். தாங்கவே முடியலைன்னா கையில இருக்கிற பட்டையை அழுத்தணும். கீழ இருக்கிறவருக்கு இடுப்புல யாரோ இழுக்கிற மாதிரி இருக்கும். உடனே மேல வந்துடணும். அதுதான் சட்டம்.”

“அதுக்கு நான் எதுக்கு?”

கஸ்பார் டாக்டரைப் பார்த்துப் பதில் சொன்னான். “எங்க ஆளுக முத்துக்குளிக்கப் போன காலத்துல, கீழ போறவன் தன்னோட கயித்த அண்ணன் தம்பி கையில குடுக்கமாட்டான், டாக்டர். பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் குடுப்பான். இவன் செத்தா அண்ணன் தம்பிக்குப் பங்கு வரும். மச்சானுக்கு, தாலியறுத்த தங்கச்சி வீட்டுக்கு வருவா. எவன் ஒழுங்கா இழுப்பான்?”

சுற்றி நின்ற உறவுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். எல்லார் கண்ணும் என்மேல். பிரியாணி வேறு வயிறு நிறைய. எனக்கு அப்படியொரு பெருமை வந்து தொலைத்தது. மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு சொன்னேன். “எழுதிக்கோங்க டாக்டரம்மா. என் தங்கச்சி வீட்டு ஆளு யாரு கடல்ல எறங்குனாலும், கயிறு இந்தச் சந்தியாகு கையிலதான்.”

கைதட்டினார்கள். டாக்டர் எழுதவில்லை, தன் கைபேசியில் பதிவு செய்துகொண்டார். என் காதுக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒரு சில்லு வைத்தார்கள். மணிக்கட்டில் பட்டை ஏறியது; அது கையில் இருக்கும்வரைதான் சில்லு வேலை செய்யும்.

முதல் பயம் வந்தது ஒரு காலை வேளை. முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் நுரை உட்கார்ந்துவிடும், அத்தனையும் வீண். முழங்காலில் இருந்து குளிர் ஏறியது. பிடரியில் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் பயப்படுவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பாம்பைப் பார்த்துப் பயந்தால் ஓடுவதற்கு ஒரு திசையாவது இருக்கும். எனக்கு வந்த பயத்துக்கு முகமே இல்லை. சீனி டப்பாவைப் பார்த்தாலும் பயம், மக்ரூன் வாங்க வந்து நின்ற கோயில் உபதேசியாரைப் பார்த்தாலும் பயம். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உபதேசியார் குனிந்து பார்த்து, “என்ன சந்தியாகு, காசு உருண்டுட்டா?” என்றார்.

சாயங்காலம் கஸ்பார் ஃபோன் செய்தான். “எப்படி இருந்துச்சு மச்சான்?”

“செத்துப் பொழச்சேன் மாப்ள. நீ?”

“கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு. நான் பயப்படவே இல்ல.”

அதன்பின் வருஷக்கணக்கில் இதுதான் என் பிழைப்பு. பதக்கம் அவனுக்கு, பேதி எனக்கு. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, ஒருமுறை பட்டையை அழுத்தினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் அது. சோற்றில் குழம்பை ஊற்றிய கை அப்படியே விறைத்துவிட்டது. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்கிற மாதிரி ஒரு பயம். அழுத்தினேன். அங்கே கஸ்பார் ஒரு துறைமுக வாயிலில், கடலுக்கடியில் வெடியின் பக்கத்தில் இருந்திருக்கிறான். இடுப்பில் இழுப்புப் பட்டதும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டான். அவர்கள் படகில் ஏறி விலகிய பிறகு அது வெடித்தது. “ஏன் எதுக்குன்னு எனக்குத் தோணவே இல்ல மச்சான். நீரு இழுத்தீரு, வந்தேன்,” என்றான். அவன் கண் பார்ப்பதற்கு முன் அவன் பயம் எதையோ பார்த்திருக்கிறது. என் கை சொன்னதைக் கேட்டு ஆறு பேர் உயிரோடு வந்தார்கள். அன்றைக்கு நான் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தேன்.

தங்கைக்கு வயிற்றில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தபோதுதான் எனக்கு வேறு மாதிரியான பயம் வந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறேன். பெனிட்டா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருக்கிறாள். கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். நார் ஒன்றுகூட இல்லாமல், சுளை சுளையாக, பொறுமையாக. அவன் உள்ளே தவித்துக்கொண்டிருப்பான், அந்தத் தவிப்பு எனக்கு வந்து சேரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அங்கே இருந்தது என் பயம் மட்டும்தான்.

கண் விழித்ததும் செலஸ்தீனா அவனிடம் கேட்டாள். “பயந்துட்டீங்களா?”

“இல்லையே,” என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் கடைசியாகக் கடலில் இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று போட்ட மக்ரூன் என் வாழ்நாளிலேயே நான் போட்டதில் அருமையானது. நுரை குன்று மாதிரி நின்றது. மனசு லேசாக இருந்தது, பாட்டுக்கூடப் பாடினேன். அதே நேரத்தில் கஸ்பார் மூழ்கிய கப்பல் ஒன்றின் இடுக்கில் மாட்டிக்கொண்டு, காற்று தீர்ந்துகொண்டிருக்க, மீன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கூடப் போனவன் ஒருவன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து அவனை இழுத்து வந்தான்.

டாக்டர் வசுமதி என்னைத் தேடிக் கடைக்கே வந்தார். ஆள் இளைத்திருந்தார். “இறைக்க இறைக்க ஊறும்னு நெனச்சோம், சார். கிணறு வத்திடுச்சு. அவர் உடம்பு பயத்தை உண்டாக்கறதையே மறந்துபோச்சு.”

“திரும்ப ஊறுமா?”

“தெரியல. நிஜமாவே தெரியல. மத்தவங்களுக்கும் இப்படி ஆகுமான்னும் தெரியல. நீங்க பட்டையைக் கழட்டாதீங்க. என்னைக்காவது ஊறினா முதல்ல உங்களுக்குத்தான் தெரியும்.”

கஸ்பார் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தான். ரோட்டைக் கடக்கும்போது லாரியைப் பார்க்கமாட்டான். கொதிக்கிற சட்டியை வெறும் கையால் தூக்குவான். தங்கை அவன் பின்னாலேயே திரிந்தாள். ஆள் நல்லவன்தான். எதைச் சொன்னாலும் செய்வான், ஆனால் சொல்ல வேண்டும். செலஸ்தீனா தினமும் சாயங்காலம் கடைக்கு வருவாள். ஒரே கேள்வி. “வந்துச்சாண்ணே?”

“இல்லம்மா.”

கடைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு பெண் தன் புருஷனுக்குப் பயம் வர வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்புறம் ஒருநாள் வந்தது.

காலையில் கூட்டம் இருந்தது. முந்திரிப்பொடியை நுரையில் போட்டுப் பிசிறிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் எதுவோ நழுவி விழுந்தது. கை சில்லிட்டது. எனக்கா அந்தப் பயம் தெரியாது? சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் பல் கிட்டுகிறது, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன. கூடவே ஒரு விக்கல். பிறகு இன்னொன்று. “யாரோ உங்கள நெனைக்காக,” என்றாள் மக்ரூன் வாங்க வந்த பெண். ஆமாம் தாயே, என் மாப்பிள்ளை பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கஸ்பார் வராந்தாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். “வாரும் மச்சான், ஒரு சுளை தின்னும்,” என்றான். அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நிதானமாக ஓடியது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

என் சத்தம் கேட்டு செலஸ்தீனா ஓடி வந்தாள். “வந்துச்சாண்ணே?”

வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. அடுத்தடுத்து வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவளின் முகம் மாறியது.

“அண்ணே,” என்றாள். “நீ பெனிட்டா மாதிரி விக்குத.”

முழங்கால் குளிரவில்லை. பிடரியில் அழுத்தம் இல்லை. இத்தனை வருஷம் நான் சுமந்த பயம் இது இல்லை. என் மடியில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்த பிள்ளையின் பயம் இது.

“அவதான்,” என்றான் கஸ்பார், ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டே. “கொச்சியில கப்பல் இன்ஜினியரிங் படிச்சது போன வருஷமே முடிஞ்சிட்டு. அப்படியே கடற்படையில சேந்து சுறா அணிக்குத் தேர்வாயிட்டா. இன்னைக்கு மொத முங்கு. உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லணும்னுதான் இருந்தேன், விட்டுப்போச்சு.”

செலஸ்தீனா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஒத்தப் பிள்ள. ஒங்களுக்கு வயித்தக் கலக்கலையா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “கலக்கணும்னு தெரியுது செலஸ். கலக்கல.”

“யாரக் கேட்டு அவள என் கையில கட்டுன?” என்று கத்தினேன். விக்கல் நடுவில் வந்து மானத்தை வாங்கியது.

“நீருதான சொன்னீரு மச்சான். தங்கச்சி வீட்டு ஆளு யாரு எறங்குனாலும்னு. டாக்டரம்மா வேலைய விட்டுட்டுப் போய்ட்டாங்க, அந்தப் பதிவு அங்கனதான் இருக்கு. பெனிட்டா அதப் போட்டுக் காட்டி, எங்க மாமா சொன்ன சொல் மாறமாட்டாங்கன்னு சொல்லிட்டா. சந்தோஷமாச் சொன்னா.”

இதுதான் என் வாய். பிரியாணி தின்ற வாய்.

பயம் ஏறிக்கொண்டே போனது. பிள்ளை எங்கோ தண்ணீருக்கடியில் இருட்டில் இருக்கிறாள், அவளுக்கு அது தெரியவில்லை. கடைத்தெருவில் நடப்பதுபோல நடந்துகொண்டிருக்கிறாள். இன்று சாயங்காலம் ஃபோன் செய்து, நான் பயப்படவே இல்லை மாமா என்பாள். நாளைக்கும் சொல்வாள். ஒருநாள் அவள் பெற்ற பிள்ளை ஆபரேஷன் அறையில் கிடக்கும்போது வெளியே உட்கார்ந்து பழம் உரிப்பாள். பட்டையைக் கழற்றப் போனேன்.

“இப்பம் கழட்டாதீரும்,” என்றான் கஸ்பார். பாடம் சொல்லிக் கொடுக்கிற குரல். “அவ கீழ இருக்கும்போது கழட்டுனா மொத்தப் பயமும் ஒரே அடியா அவமேல எறங்கும். மூச்சு மாறிடும். மொதல்ல இழும். மேல வந்ததும் கழட்டும்.”

“கழட்டுனா அவள வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?”

“அனுப்பமாட்டாங்க. கயிறு இல்லாம எறங்குதவங்களும் உண்டு. ஆனா நடுங்கிக்கிட்டே எறங்கணும். கஷ்டம்.”

செலஸ்தீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, நடுங்குன கையோட பிள்ள கீழ போனா திரும்பி வருவாளா? நீ தாங்குனா இவிய மாதிரி பத்திரமா வந்துருவாள்ல?”

“இவன் மாதிரி வரணுமா?” என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தோல்களைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டாள்.

பட்டையை அழுத்தினேன். அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். அவள் சட்டத்தை மதித்து மேலே வருவாளா, அவசரம் தோன்றாமல் அங்கேயே நிற்பாளா? விக்கல் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். தங்கை வாய்க்குள் ஜெபம் சொன்னாள். சொந்தப் பயமும் இரவல் பயமும் சேர்ந்து என் நெஞ்சைப் பிசைந்தன, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. மெல்ல மெல்ல விக்கல் இடைவெளி விட்டது. ஒன்று வந்தது. பிறகு வரவில்லை.

“மேல வந்துட்டா,” என்றான் கஸ்பார். “கடல விட்டு வரும்போது பயம் அப்படித்தான் மெதுவா எறங்கும்னு நீரு சொல்லுவீரு.”

பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் உடம்பில் நான் மட்டும் இருந்தேன். என் பயம் ஒன்று போதாதா என்ன, அது அப்படியே இருந்தது.

ஃபோன் அடித்தது. பெனிட்டா.

“என்ன மாமா பண்ணுனீங்க?” குரல் உடைந்திருந்தது. “பட்டையக் கழட்டிட்டீங்களாமே. கை காலெல்லாம் ஒதறுது. எல்லாரும் பாக்காங்க. அப்பாவுக்கு மட்டும் தாங்குனீங்க, எனக்கு முடியாதா?”

“அப்பாவுக்குத் தாங்குனதாலதான் ஒனக்கு முடியாதுன்னு சொல்லுதேன்.”

பிறகு ஃபோனில் அந்தச் சத்தம் வந்தது. ஒரு விக்கல். சின்னதாக, சுத்தமாக, அவளுடையது. ஸ்பீக்கரைப் போட்டேன். செலஸ்தீனா அதைக் கேட்டதும் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள்.

“வீட்டுக்கு வந்துரு கண்ணு,” என்றேன். நான் பயந்தாங்கொள்ளி, வேறு என்ன சொல்வேன்?

“வரமாட்டேன்.” விக்கல். “மறுபடி எறங்கப் போறேன். இப்படியே.”

“பயமா இருக்குமே.”

“இருக்கு மாமா. ரொம்ப இருக்கு.” விக்கல். “வைக்கிறேன், கூப்பிடுதாங்க.”

“தண்ணி குடிச்சிட்டு எறங்கு,” என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

பிள்ளை இறங்குகிறாள். இனி எனக்கு ஒன்றும் தெரிய வராது. இழுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை. நாற்காலி நுனிக்கு வந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். தங்கையும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கஸ்பார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். புரியாத பாடத்தைப் பார்க்கிற மாணவன் மாதிரி பார்த்தான்.

“மச்சான்,” என்றான். “இப்பம் நான் பயப்படணுமா?”

“ஆமா மாப்ள. பயப்படணும்.”

தலையை ஆட்டினான். கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தான். தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டான். நுனிக்கு வந்தான். என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். பெனிட்டா மறுபடி ஃபோன் செய்யும்வரை அப்படியே இருந்தான்.